கிராம சுகாதார செவிலியர்: பணிச்சுமையின் வரலாறு

கிராம சுகாதார செவிலியர் என்பவர் தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையம் ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தி, வீடு வீடாகச் சென்று தாய்–சேய் நலம், தடுப்பூசி, குடும்ப நலம் முதலிய பணிகளைச் செய்யும் அரசுப் பணியாளர் ஆவார். ஊர் மக்கள் இவரை 'நர்சம்மா' என்று அழைப்பர். நாட்டின் பிற மாநிலங்களில் இதே பணியைச் செய்பவர் ஏ.என்.எம். எனப்படுகிறார். சமவெளியில் 5,000 பேருக்கும் மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் அளவுகோல். தமிழ்நாட்டில் இத்தகைய நிலையங்கள் 8,700-க்கும் மேல் உள்ளன.

பொதுச் சுகாதாரத் துறையில் எந்தப் புதிய திட்டம் வந்தாலும் அது இறுதியில் வந்து சேரும் இடம் இந்தச் செவிலியரின் பதிவேடு. கடந்த எழுபது ஆண்டுகளில் அவருடைய பணிப் பட்டியல் எவ்வாறு வளர்ந்தது, அதை அவர் எவ்வாறு சமாளித்தார், அந்தச் சமாளிப்பு எதைக் காத்தது, எதைக் கைவிட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கம்: ஏட்டில் ஓர் அளவு, களத்தில் ஓர் அளவு

இந்தியாவின் ஊரக சுகாதார அமைப்புக்கு அடிப்படை இட்டது சர் ஜோசப் போர் தலைமையிலான குழு. 1943-இல் அமைக்கப்பட்ட இக்குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. குறுகிய காலத் திட்டமாக, 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் அமைய வேண்டும் என்றும், அதில் 2 மருத்துவர்கள், 4 பொதுச் சுகாதார செவிலியர்கள், 4 பேறுகால உதவியாளர்கள், பயிற்சி பெற்ற 4 மருத்துவச்சிகள் உள்ளிட்டோர் இருக்க வேண்டும் என்றும் குழு பரிந்துரைத்தது. அதன்படி பார்த்தாலே 10,000 பேருக்கு ஒரு பேறுகால உதவியாளர்தான் கிடைப்பார்.

நடைமுறையில் அந்த அளவும் எட்டப்படவில்லை. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, வட்டாரத்துக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற முறை வந்தது. ஒரு வட்டாரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 60,000 முதல் 1,00,000 வரை இருந்தது. நிலையங்களுக்குப் போதிய செவிலியர் இல்லை. முழுச் செவிலியர் பயிற்சிக்கு அதிகக் காலம் தேவைப்பட்டதால், குறைந்த காலத்தில் பயிற்சி பெற்று ஊரகத்தில் பணிபுரியக்கூடிய ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் பிரிவு 1950-களில் விரிவாக உருவாக்கப்பட்டது. ஆக, இந்தப் பணியிடமே ஒரு பற்றாக்குறையை ஈடுகட்டப் பிறந்தது. அதன் பிற்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். 1939-ஆம் ஆண்டின் அச்சட்டம் தாய்–சேய் நலத்தை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்புகளில் ஒன்றாக ஆக்கியது. பின்னாளில் ஊராட்சி ஒன்றியங்களின் தாய்–சேய் நல விடுதிகளில் ஒரு பேறுகால உதவியாளரும் ஓர் ஆயாவும் சுற்றுப்புற ஊர்களின் பிரசவங்களைப் பார்த்து வந்தனர். அன்று அவர்களுடைய வேலை கடினமானதாக இருந்தாலும் ஒரே தன்மையுடையதாக இருந்தது. பிரசவம் பார்ப்பதும், அதற்கு முன்னும் பின்னும் தாயைக் கவனிப்பதுமே அது.

தனித்தனித் திட்டங்கள், ஒரே வீட்டு வாசல்

1950-களிலும் 60-களிலும் நோய்களுக்கு எதிரான தேசியத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1951-இல் பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கம், 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1953-இல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், 1955-இல் தொழுநோய்த் திட்டம், 1962-இல் பெரியம்மை ஒழிப்பும் காசநோய்த் திட்டமும் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் தனிப் பணியாளர், தனிப் பதிவேடு, தனி மேற்பார்வை இருந்தன. அம்மை குத்துபவர் ஒரு நாள் வருவார். மலேரியாப் பணியாளர் மறுநாள் வந்து இரத்தத் தடவல் எடுப்பார். தொழுநோய்ப் பணியாளர் இன்னொரு நாள் வந்து தேமல் பார்ப்பார். வாசல் ஒன்றே, வருபவர்கள் பலர்.

இதைச் சீராக்க முயன்ற மூன்று குழுக்களின் கதை, பணிச்சுமை பற்றி அரசு எவ்வாறு சிந்தித்தது என்பதைக் காட்டுகிறது. 1963-இல் சாதா குழு, 10,000 பேருக்கு ஓர் அடிப்படை சுகாதாரப் பணியாளர் மாதந்தோறும் வீடுகளுக்குச் சென்று மலேரியாக் கண்காணிப்புடன் பிறப்பு–இறப்பு விவரம் சேகரிப்பதையும் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியையும் செய்ய வேண்டும் என்றது. இரண்டே ஆண்டுகளில் இந்த இணைப்பு பலன் தரவில்லை என்பது தெரிந்தது. மலேரியா வேலையும் சரியாக நடக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாடும் நடக்கவில்லை. 1965-இல் முகர்ஜி குழு இரண்டையும் பிரித்து, குடும்பக் கட்டுப்பாட்டுக்குத் தனிப் பணியாளர்கள் வேண்டும் என்றது. 1973-இல் கர்தார் சிங் குழு மீண்டும் இணைத்தது. தனித்தனிப் பணியாளர்களை எல்லாம் 'பல்நோக்கு சுகாதாரப் பணியாளர்' என ஒன்றாக்கி, 3,000 முதல் 3,500 பேருக்கு ஓர் ஆண், ஒரு பெண் பணியாளர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏ.என்.எம். இனி பெண் சுகாதாரப் பணியாளர் ஆனார்.

இந்தப் பரிந்துரையில் இரண்டு பாதிகள் இருந்தன. வேலைகளை ஒன்றாக்குவது ஒரு பாதி. அதற்கு ஈடாக மக்கள்தொகையைக் குறைத்து, இருவரை நியமிப்பது மறுபாதி. முதல் பாதிக்கு ஓர் ஆணை போதும். இரண்டாவதற்கு ஆட்களும் பணமும் வேண்டும். பல மாநிலங்களில் முதல் பாதி விரைவாகவும் இரண்டாவது மிக மெதுவாகவும் நிறைவேறின. ஆண் பணியாளர் இடங்கள் நாட்டின் பல பகுதிகளில் பிற்காலத்தில் நிரப்பப்படாமலே போயின. இருவருக்கான பட்டியல் ஒருவரிடம் வந்து சேர்ந்தது.

'அந்திப் பகுதி'

போதிய பணியாளர் கிடைக்கும்வரை என்ன செய்வது என்பதற்குக் கர்தார் சிங் குழு ஓர் இடைக்கால வழியையும் கூறியது. ஒரு பெண் பணியாளரின் பகுதி இரண்டாகப் பிரிக்கப்படும். நிலையத்தைச் சுற்றியுள்ள சில ஆயிரம் பேர் 'தீவிரப் பகுதி'. அங்கு அவர் வீடு வீடாகச் சென்று முழுச் சேவை அளிப்பார். அதற்கு அப்பால் உள்ளது 'அந்திப் பகுதி'. அங்குள்ளவர்கள் தேடி வந்து கேட்டால் மட்டும் சேவை கிடைக்கும்.

ஒருவரால் எல்லோரையும் பார்க்க முடியாது என்பதை அரசு ஆவணமே ஒப்புக்கொண்ட அரிய இடம் இது. யாரை விடுவது என்ற முடிவைச் செவிலியரின் தலையில் போடாமல், அமைப்பே அதைச் சொன்னது. பின்னாளில் 5,000 பேருக்கு ஒரு நிலையம் என்ற அளவுகோல் வந்தபோது இந்தப் பிரிவினை ஏட்டிலிருந்து மறைந்தது. ஆனால் களத்தில் அது மறையவில்லை. பேருந்து போகாத குக்கிராமம், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள குடியிருப்பு, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இடம்பெயரும் குடும்பங்கள் ஆகியவை பெயரில்லாத அந்திப் பகுதிகளாகத் தொடர்ந்தன.

இலக்குகளின் காலம்

1960-களின் நடுப்பகுதியிலிருந்து குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆண்டு இலக்குகள் நிர்ணயிக்கப்பட்டன. தில்லியில் முடிவாகும் எண், மாநிலம், மாவட்டம், வட்டாரம் வழியாக இறங்கி, 'இந்த ஆண்டு இத்தனை கேஸ்' என்று செவிலியரிடம் வந்து நின்றது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அக்காலக் கட்டாயத்துக்கு எதிராக எழுந்த வெறுப்பால், 1977-க்குப் பிறகு ஆண் கருத்தடை வெகுவாகக் குறைந்தது. இலக்கின் முழு எடையும் பெண்களுக்கான அறுவை சிகிச்சை மீதும், அதற்குப் பெண்களை அழைத்துவரும் செவிலியர் மீதும் விழுந்தது.

ஆண்டு முடியும் மார்ச் மாதம் நெருங்க நெருங்க மற்ற வேலைகள் பின்தள்ளப்பட்டன. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி எதுவோ, அதுவே அம்மாத வேலை ஆனது. எத்தனை கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது என்பதைவிட எத்தனை கேஸ் என்பதே பெரிதாகக் கேட்கப்பட்டது. எட்ட முடியாத எண்ணை ஏட்டில் எட்டும் பழக்கமும் அக்காலத்தில் பரவியது. தற்காலிகக் கருத்தடை முறைகளில் அறிக்கை சொன்ன எண்ணுக்கும் ஆய்வுகளில் தெரிந்த பயன்பாட்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. 1996 ஏப்ரல் முதல் இந்திய அரசு இந்த இலக்கு முறையை நாடு முழுவதும் கைவிட்டது.

சமாளித்த வழிகள்

அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி, மக்களோடு நேரடியாகப் பழகும் கடைநிலை அரசுப் பணியாளர்களைப் பற்றி 1980-இல் ஒரு நூல் எழுதினார். வேலை எப்போதும் கையிருப்பை விஞ்சி நிற்கும் நிலையில், இவர்கள் தங்களுக்கென நடைமுறைகளை உருவாக்கிக்கொள்கிறார்கள் என்பதும், அந்த நடைமுறைகளே மக்கள் காணும் உண்மையான அரசுக் கொள்கையாக ஆகின்றன என்பதும் அவருடைய கருத்து. கிராம சுகாதார செவிலியரின் நடைமுறைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, நாள் வகுத்தல். தமிழ்நாட்டில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை தடுப்பூசி என்ற வழக்கம் ஊர் மக்களுக்கும் மனப்பாடம். நாள் நிலையாக இருப்பதால் தனித்தனியே அழைக்க வேண்டிய வேலை மிச்சமாகிறது. குளிர்பெட்டியில் வரும் மருந்தும் ஒரே இடத்தில் முழுமையாகப் பயன்படுகிறது. மற்ற நாட்களின் சுற்றுப்பயணம் பேருந்து நேரத்தையும் பெண்களின் வேலை நேரத்தையும் ஒட்டி அமைகிறது. நடவு, களையெடுப்புக் காலத்தில் காலை ஒன்பது மணிக்குமேல் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோதான் வீட்டுச் சந்திப்பு நடக்கும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே சென்று தாய்மார்களைப் பார்ப்பதும் உண்டு.

இரண்டாவது, கைநோட்டு. தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, கர்ப்பிணிகள் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, பிறப்பு–இறப்புப் பதிவேடு என்று அரசுப் பதிவேடுகள் பல. அவை மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல அமைந்தவை. அன்றாட வேலைக்கு உதவ, பல செவிலியர்கள் தனியாக ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டனர். இந்த மாதம் யாருக்குப் பிரசவ நாள், எந்தக் குழந்தைக்கு அடுத்த ஊசி, யாருக்கு இரத்தசோகை, தாய்வீடு போயிருப்பவர் யார் என்ற விவரங்கள் அதில் இருக்கும். ஆயிரம் வீடுகளில் இந்த வாரம் போயே ஆக வேண்டிய பத்து வீடுகளைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

மூன்றாவது, பகிர்தல். முற்காலத்தில் ஊர் மருத்துவச்சி இவருக்குப் போட்டியாளராகவும் துணையாகவும் இருந்தார். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, அங்கன்வாடிப் பணியாளர் அவருடைய நெருங்கிய கூட்டாளி ஆனார். எடை போடுவது, தாய்மார்களைக் கூட்டி வருவது, புதிதாகக் கருவுற்றவர் பற்றித் தகவல் சொல்வது என்று வேலை பகிரப்பட்டது. இரவுப் பிரசவத்துக்கு அழைப்பு வந்தால் துணைக்கு வந்தவர் பெரும்பாலும் கணவரோ மகனோ. மாதக் கடைசியில் பதிவேடுகளைக் கூட்டிக் கழித்து உதவியவர்களும் வீட்டில் உள்ளவர்களே. சம்பளப் பட்டியலில் இல்லாத இந்த உழைப்பு எந்தத் திட்டக் கணக்கிலும் வரவில்லை.

நான்காவது, விடுதல். எல்லாவற்றையும் செய்ய முடியாதபோது சில வேலைகள் தாமாக நழுவுகின்றன. கணக்குக் கேட்கப்படும் வேலை நிற்கும், கேட்கப்படாதது நழுவும். தடுப்பூசியும் பிரசவமும் எண்ணப்படுகின்றன. வளரிளம் பெண்ணுடன் அரை மணி நேரம் பேசுவதையும், குழந்தை இறந்த தாயை மறுமுறை பார்த்து வருவதையும் எண்ண வழியில்லை. ஆகவே முதலில் விடப்பட்டவை அவையே. இது தனிப்பட்ட அலட்சியத்தால் நேர்ந்தது அன்று. அமைப்பு எதை எண்ணியதோ அதன் விளைவு.

சுமை உண்மையில் குறைந்த தருணங்கள்

இந்த வரலாற்றில் செவிலியரின் சுமை கூடிய தருணங்கள் பல, குறைந்தவை சில. அந்தச் சில தருணங்களில்தான் பாடம் இருக்கிறது.

ஒருவர் பார்க்க வேண்டிய மக்கள்தொகை 10,000 என்பதிலிருந்து 5,000 ஆகக் குறைக்கப்பட்டது முதலாவது. 1996-இல் இலக்கு நீக்கப்பட்டது இரண்டாவது. மூன்றாவது, 2005-ஐ ஒட்டித் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் இதற்கு வலு சேர்த்தது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் தொடங்கியது. நள்ளிரவில் மாட்டு வண்டியையோ வாடகைக் காரையோ தேடும் வேலையும், தனியாக இருட்டில் பிரசவம் பார்க்கும் வேலையும் கிராம சுகாதார செவிலியரிடமிருந்து பெரும்பாலும் விலகின.

இதனால் செவிலியர் மட்டும் பயன்பெறவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97 ஆகவும் தமிழ்நாட்டில் 54 ஆகவும் இருந்தது. பிரசவ வேலையை முறைப்பணிச் செவிலியருக்கு மாற்றியது, கருவுற்ற நாள் முதல் பின்தொடரும் வேலைக்குக் கிராம செவிலியரை விடுவித்தது. இரண்டும் சேர்ந்தே இந்த எண்களுக்குத் துணை நின்றன.

பதிவேட்டிலிருந்து கைப்பேசிக்கு

விட்ட இடத்தை நிரப்ப வேறு சுமைகள் வந்தன. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை 2011-இல் 12,000 ரூபாயாகவும் பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஏழைத் தாய்மார்களுக்குப் பெரிதும் உதவும் திட்டம் இது. ஆனால் தவணைதோறும் நிபந்தனைகளைச் சரிபார்த்து, வங்கிக் கணக்கு எண்ணைப் பதிந்து, பணம் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்பவரும் கிராம சுகாதார செவிலியரே.

தமிழ்நாட்டில் 'பிக்மி' என்ற கணினிப் பதிவு முறை, கர்ப்பிணி ஒவ்வொருவரையும் பெயர் வாரியாகப் பதிவு செய்தது. நாடு தழுவிய பதிவு முறைகளும் இதே காலத்தில் வந்தன. பெயர் வாரிப் பதிவால் விடுபட்ட தாயைக் கண்டறிவது எளிதானது. ஆனால் காகிதப் பதிவேடுகள் உடனே போய்விடவில்லை. ஒரே விவரத்தை முதலில் நோட்டிலும், பின்பு பதிவேட்டிலும், பின்பு கணினியிலும் எழுத வேண்டியிருந்தது. இணையத் தொடர்பு நன்றாகக் கிடைக்கும் இரவில் வீட்டிலிருந்து பதிவேற்றுவது பலருக்கு வழக்கமானது. கணினிப் பதிவுக்குத் தனிப் பணியாளர் வேண்டும் என்பது செவிலியர் சங்கங்களின் தொடர்ந்த கோரிக்கையாக ஆனது. தனியாகச் சமாளிப்பதிலிருந்து கூட்டாகக் கேட்பதற்கு மாறிய இந்த நகர்வும் சமாளிப்பு வரலாற்றின் ஒரு பகுதியே.

பெருந்தொற்றும் புதிய கைகளும்

2020-இல் கொரோனா பரவியபோது வீடு வீடாகக் காய்ச்சல் கண்டறிதல், தனிமைப்படுத்தப்பட்டோரைக் கண்காணித்தல் ஆகியவை பட்டியலில் சேர்ந்தன. 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் அதிகமான தடுப்பூசிகள் தமிழ்நாட்டில் போடப்பட்டன. பல்லாண்டுகளாகப் புதன்கிழமைகளில் பழகிய கைகளும், வீடுகளை அறிந்த நினைவும் இல்லாமல் அத்தகைய முகாம்கள் நடந்திருக்க முடியாது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரை கொண்டு செல்ல மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் அமர்த்தப்பட்டனர். புதிய வேலைக்குப் புதிய ஆள் என்ற கொள்கை இதில் பின்பற்றப்பட்டது. ஆனால் அந்த ஆள் நிரந்தரப் பணியாளர் அல்லர். ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர். பிற மாநிலங்களில் 2005-க்குப் பின் ஆயிரம் பேருக்கு ஒருவர் என அமர்த்தப்பட்ட ஆஷா பணியாளர்களின் நிலையும் இதுவே. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது வழங்கிப் பாராட்டியது. ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டங்கள் அதற்குப் பின்னும் தொடர்கின்றன. 1950-களில் முழுச் செவிலியருக்குப் பதிலாகத் துணைச் செவிலியர் வந்தது போலவே, இன்று துணைச் செவிலியரின் சுமைக்குத் தன்னார்வலர் வருகிறார்.

மதிப்பீடு

கிராம சுகாதார செவிலியரின் வரலாற்றில் இரு வகைத் தீர்வுகளைக் காணலாம். ஒன்று, செவிலியர் தாமே கண்டவை: நிலையான நாள், கைநோட்டு, அங்கன்வாடியுடன் பகிர்வு. இவை அமைப்பைத் தாங்கிப் பிடித்தன. அதே நேரத்தில் பற்றாக்குறையை வெளியே தெரியாமலும் ஆக்கின. எப்படியோ வேலை நடந்துவிடுகிறது என்பதே அடுத்த வேலையைச் சேர்க்கக் காரணமாகிவிட்டது.

மற்றொன்று, அமைப்பு கண்டவை: மக்கள்தொகையைக் குறைத்தல், இலக்கை நீக்கல், பிரசவத்துக்கு வேறு செவிலியர், அவசரத்துக்கு வண்டி. ஒரு வேலை உண்மையிலேயே வேறு கைக்கு மாறியபோதெல்லாம் எஞ்சிய வேலையின் தரம் உயர வழி பிறந்தது. பயிற்சியும் பாராட்டும் மட்டும் தரப்பட்டபோது, நழுவிய வேலை நழுவியபடியே இருந்தது.

1973-இல் ஓர் அரசுக் குழு 'அந்திப் பகுதி' என்று பெயரிட்டு ஒப்புக்கொண்ட உண்மை இன்றும் பொருந்தும். ஒருவரால் பார்க்கக்கூடிய வீடுகளுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதை அமைப்பு வெளிப்படையாகச் சொல்லி ஆள் அனுப்பாவிட்டால், அந்தத் தேர்வைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் செவிலியர் ஒருவர் ஒவ்வொரு காலையும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.